ஒண்டரை நட்சத்திரம்

அபூசாலி கடைப் புரியாணியில் முட்டை நடுவில் இல்லாமல் ஓரத்தில் கிடந்தது என்பதற்காக ஜெமீல் கொப்பியில் ஒரு நட்சத்திரத்தைக் குறைத்துக்கொண்டிருந்தபோதுதான், அந்த மனிதர் எதிர்க் கதிரையில் வந்து உட்கார்ந்தார். ஐம்பது வயதிருக்கும். கக்கத்தில் குடை. சட்டைப் பையில் பென்சிலும் ஒரு சின்னக் கொப்பியும்.

"என்ன தம்பி எழுதுறீங்க?"

"நட்சத்திரம்."

"பகல்லயா?"

இப்படி ஒருவர் கேட்கமாட்டாரா என்று ஜெமீல் வருடக்கணக்கில் காத்திருந்தான். கல்முனைத் தபால் கந்தோரில் அவன் கிளாக்கர். அதற்கு முன் கொழும்பு, கண்டி, காலி, யாழ்ப்பாணம் என்று நாலு ஊரில் வேலை பார்த்து, நாலு ஊர்க் கடைகளுக்கும் ஐந்துக்கு எத்தனை என்று நட்சத்திரம் போட்டு வைத்திருந்தான். போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அவனும் நிறுத்தவில்லை.

"கொழும்புப் புரியாணிக்கி நாலு. கண்டிக்கி மூண்டு, சோறு நல்லம், கதிரை ஆடும். யாழ்ப்பாணத்து நண்டுக்கி நாலரை. காலியில மீனுக்கு அஞ்சு குடுத்திரிப்பன், கொண்டு வந்து வெச்சவன் சிரிக்கல்ல."

"சிரிக்காட்டியும் கொறைப்பீங்களா?" அந்த மனிதர் பென்சிலை எடுத்தார்.

முப்பது வருடமாக அங்கே பரிமாறும் மஜீட், மேசை துடைக்கிற சாட்டில் ஜெமீலின் காதருகே குனிந்தார். "கிளாக்கர், இவருதான் பேப்பர்காரர்! முதலாளி சொன்னாரே!"

கொழும்புப் பேப்பர் ஒன்று சாப்பாட்டுக் கடைகளுக்கு நட்சத்திரம் போடத் தொடங்கியிருந்தது. கிழக்குப் பக்கமும் ஆள் வருவதாகக் கேள்விப்பட்டு முதலாளி அபூசாலி ஒரு கிழமையாக நித்திரை இல்லாமல் இருந்தார்.

ஜெமீல் நிமிர்ந்து உட்கார்ந்து கொப்பியைப் புரட்டினான். பேப்பரில் தன் பெயர் வந்தால் சுஹறா கிடைத்துவிடுவாள்!

சுஹறா சம்மாந்துறைப் பிள்ளை. ஒருமுறை தபால் கந்தோருக்கு வந்தாள். முத்திரையை நக்கி ஒட்டிய ஜெமீல், "போன மாசத்துப் பசைதான் ருசி" என்றதற்குச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக அவன் எதையும் செய்வான். கல்யாணத் தரகர் ஆசியா உம்மாவிடம் பெண்வீட்டார், "யோசிச்சுச் சொல்றம்" என்றிருந்தார்கள். அவர்கள் யோசிப்பதும் நியாயம்தான். இந்தப் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குக் குடிபோக வேண்டும். ஆயுள் முழுக்க வீட்டுக்குள் வைத்திருக்கப்போகிற ஆளை யாரும் அவசரப்பட்டு எடுக்கமாட்டார்கள்.

அபூசாலி வந்து, இனிப்புக்கென்று கேட்காத வட்டிலப்பம் இரண்டை மேசையில் வைத்துவிட்டுக் கைகட்டி நின்றார். பேப்பர்காரர் முன்னால் தாட்சண்யம் காட்டலாமா? ஜெமீல் தன்னுடையதை ஒரு கரண்டி தின்றுவிட்டுத் தள்ளினான்.

"ஏலக்காய் காணா. ரெண்டு."

"என்ன ரெண்டு?" அபூசாலியின் கை அவிழ்ந்தது. "போன கிழமை மூண்டு வட்டிலப்பம் திண்டுபோட்டு விரல் நக்கினீங்களே!"

"அது ஜெமீல் திண்டது காக்கா. இது தீர்ப்பு."

"அப்ப தீர்ப்ப எடுத்துக்கிட்டு வெளியில போங்க!"

வெளியில் வந்தார்கள். இந்த அவமானத்தை எப்படியாவது சரிக்கட்ட வேண்டும் என்று ஜெமீல் அவரைக் கனகரெத்தினத்தின் சைவக்கடைக்கு இழுத்துப் போனான். கொழும்பில் பெரிய ஹோட்டல் பழகியவன் என்று காட்ட, மேசைக்கு விரிப்புக் கேட்டான். கனகரெத்தினம் வாழையிலையை விரித்தார். முள்ளுக்கரண்டியும் கத்தியும் கேட்டான். கையால் சாப்பிடுகிற கடையில் அதெல்லாம் ஏது? பக்கத்துக் கடையில் இரவல் வாங்கி வந்தார்கள்.

ஜெமீல் முறுகல் தோசையில் கத்தியை வைத்து அழுத்தினான். பாதித் தோசை எழும்பிப் பறந்து, சம்பலோடு அந்த மனிதர் இடுப்பில் கட்டியிருந்த வெள்ளைச் சாரனில் இறங்கியது.

"பாத்தீங்களா," என்றான் ஜெமீல், "தோசைல பிடிமானம் இல்ல. ஒண்டு."

"நாப்பது வருசம் கையால திண்டவனெல்லாம் ஒழுங்காத்தானே திண்டான்!" என்று கனகரெத்தினம் தோசைக்கரண்டியை ஓங்கினார்.

அங்கிருந்தும் வெளியில். அந்த மனிதர் சாரனைத் துடைத்தபடி பஸ் நிலையத்துப் பக்கம் நடந்தார். ஜெமீல் பின்னால் ஓடினான். விட்டுவிட்டால் பேப்பரும் போச்சு, சுஹறாவும் போச்சு.

"காக்கா, இன்னும் ஏதாவது கேளுங்க!"

அவர் நின்றார். "கடைய விடுங்க. ஊட்டுச் சோறு எப்படி? விடியத்துல என்ன திம்பீங்க?"

"ஆறு அப்பம். ஓரம் கருகினாத் தொடமாட்டன்."

"மீன்?"

"விரால். தல எனக்குத்தான் வரணும்."

"கறில உப்புக் கூடினா?"

"எழும்பிருவன்!"

அவர் விடாமல் எழுதினார். ஜெமீலுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரே அடியில் இவரை அசத்திவிட வேண்டும்.

"நம்மட்டப் பாரபட்சம் இல்ல காக்கா. பெத்த உம்மாட கறிக்கே ஒண்டரைதான் போட்டிரிக்கன்! அதையும் குசினிக் கதவுல எழுதி ஒட்டி வெச்சிரிக்கன்!"

அந்த மனிதரின் பென்சில் நின்றது. "உம்மா என்ன சொன்னா?"

"முதல்ல ரெண்டு போட்டதுக்கு மூண்டு நாள் அடுப்பு மூட்டல்ல. அதுக்கு அரை கொறைச்சன்."

அவர் கொப்பியை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு புறப்படத் தயாராக நின்ற பஸ்ஸில் ஏறினார். அது சம்மாந்துறை பஸ்.

"காக்கா, பிழையான பஸ்! கொழும்பு பஸ் அங்கால!" ஜெமீல் பஸ்ஸோடு சேர்ந்து ஓடினான். "பேப்பர்ல என்ட பேரு வருமா? எத்தின நட்சத்திரம் போட்டீங்க?"

அவர் ஜன்னலால் தலையை நீட்டினார்.

"நான் பேப்பர்காரன் இல்ல தம்பி, சுஹறாட மாமா! பெத்த உம்மாக்கு ஒண்டரை போட்ட மாப்புளைக்கி, நாளைக்கி சோறாக்கிப் போடப்போற எங்கட ராத்தா, சுஹறாட உம்மா, எத்தின போடுவா எண்டு நீங்களே கொப்பில எழுதிக்கங்க!"