பூட்டுக்கடை அண்ணன் மாட்டிக்கொண்ட எபிசோட்

அன்புத் தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கு நானும் உன் அண்ணியும் சௌக்கியம். நீயும் சௌக்கியமாகத்தான் இருப்பாய். கூடப்பிறந்தவன் மானத்தை விற்றுச் சாப்பிடுகிறவனுக்கு உடம்புக்கு என்ன வரப்போகிறது? போனிலேயே பேசியிருக்கலாம். நான் திட்டத் திட்ட நீ அந்தப் பக்கம் வசனமாகக் குறித்துக்கொள்வாய் என்று அண்ணி எச்சரித்ததால் இந்தக் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ வசனம் எழுதும் அந்த அண்ணன் தம்பி காமெடித் தொடரின் இரண்டாவது எபிசோடை வியாழக்கிழமை பார்த்தோம். முதல் எபிசோடில் அண்ணன் பூட்டுக்கடை வைத்திருக்கிறான் என்றதும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. தெருவில் நாலு பேரிடம் சொல்லியும் தொலைத்தேன். இரண்டாவதில் பார்த்தால், தான் மாட்டிய பூட்டாலேயே பாத்ரூமுக்குள் மாட்டிக்கொண்டு, இடுப்பில் துண்டோடு, "யாராவது இருக்கீங்களா?" என்று அலறுகிறான். வெளியே நடுத் தம்பி சோபாவில் சாய்ந்து சாவகாசமாக நகம் வெட்டுகிறான். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாதாம்.

ஏன்டா, இது நம்ம வீட்டுல நடந்ததுதானே? முதல்ல அது பாத்ரூமே இல்ல, ஸ்டோர் ரூம். நான் பேன்ட் சட்டையோட மரியாதையா இருந்தேன். புதுப் பூட்டைச் சோதிச்சுப் பாக்கலாம்னு உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன், சாவி வெளிப்பக்கமே நின்னுடுச்சு, தொழில்ல இருக்கறவனுக்கு இதெல்லாம் சகஜம். அன்னைக்கு வீட்டுல இருந்தது மாடியில நம்ம நடுவுலவன் மட்டும்தான். அவனைக் கூப்பிட எனக்கு வாய் வருமா? அதனால உள்ளே இருந்து வேற ஊர்ல இருக்கற உனக்குப் போன் பண்ணேன், நீ அவனுக்குப் போன் பண்ணே, அவன் இறங்கி வந்து கதவைத் திறந்து, என் மூஞ்சியைக்கூடப் பாக்காம செருப்பைத் தேய்ச்சுக்கிட்டு மேல போயிட்டான். நமக்குள்ள இருக்க வேண்டிய சமாச்சாரம் இது. நீ ஊருக்கே படம் போட்டுக் காட்டிட்டே.

நாங்க ஏன் பேசறதில்லைங்கறதையாவது சரியாச் சொன்னியா? டிவியில ஏதோ நாற்காலிச் சண்டைங்கறே. ஒரு நாற்காலிக்காக மாசக்கணக்குல நான் பேசாம இருப்பேனா? சொந்த அண்ணன் பூட்டுக்கடை வெச்சிருக்கேன், இவன் மாடி வாசலுக்கு எவன் கடையிலயோ நம்பர் அமுக்கற பேட்டரிப் பூட்டு வாங்கி மாட்டறான். டிரைவிங் ஸ்கூல் நடத்தறவன் இவன். நான் வேற எங்கயாவது போய் வண்டி ஓட்டக் கத்துக்கிட்டா சும்மா இருப்பானா? என் வயிறு எரியுமா எரியாதா, நீயே சொல்லு.

அந்த எபிசோட் வந்ததுல இருந்து என் பொழப்பு சிரிப்பாச் சிரிக்குது. முடி வெட்டறவர் துணியைப் போர்த்தும்போதே, "இந்தத் துண்டு போதுமாண்ணே?"ங்கறார். பூட்டு ரிப்பேருக்குக் கூப்பிடற அம்மா, "உள்ளே போறதுக்கு முன்னாடி சாவியை என்கிட்ட குடுத்துட்டுப் போங்க"ங்கறாங்க. உன் அண்ணிக்குச் சிரிச்சுச் சிரிச்சுப் புரையேறி, தலையில தட்டினதும் நான்தான். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்குவேன். அந்த டிவி அண்ணன் வெளியே வரப் பாத்து பாத்ரூம் ஜன்னல்ல தலையை விட்டு மாட்டிக்கறான் பாரு, அப்போ மாடியில இருந்து நடுவுலவன் சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு. சின்ன வயசுல சிரிக்கற மாதிரியே, மூச்சு வாங்க வாங்க. நானும் அதே இடத்துலதான் சிரிச்சுக்கிட்டிருந்தேன். டக்குனு ரெண்டு பேரும் நிறுத்திட்டோம். அதுக்கப்புறம் எனக்கு எதுவுமே ரசிக்கலைடா. ஒரே வீட்டுல, ஒரே ஜோக்குக்கு, தனித்தனியாச் சிரிக்கறதெல்லாம் ஒரு வாழ்க்கையா?

ஆகவே நான் கண்டிப்பாகத் தெரிவித்துக்கொள்வது: அந்தப் பூட்டுக்கடை அண்ணனை அடுத்த எபிசோடிலேயே எங்காவது தூர தேசத்துக்கு அனுப்பிவிடு. திரும்பி வரக் கூடாது. வேளாவேளைக்குச் சாப்பிடு. கசங்கின சட்டையோடு ஷூட்டிங்குக்குப் போகாதே. எங்கிருந்தாலும் நன்றாக இரு.

இப்படிக்கு,
உன் புண்ணியத்தில் தெருவில் தலைகாட்ட முடியாத
பெரிய அண்ணன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போனேன், யாரோ கதவைத் தட்டினாங்க. திறந்தா நடுவுலவன். அவன் பூட்டுல பேட்டரி செத்துப்போச்சாம். அவசரத்துக்குன்னு ஒரு சாவியும் கூடவே குடுத்திருக்காங்க. அதை ரொம்பப் பத்திரமா வீட்டுக்குள்ளயே வெச்சிருக்கான். நீ எனக்குச் சொல்லுவேன்னு உனக்குத்தான் முதல்ல போன் பண்ணானாம். நீ எடுக்கலை. நல்லா இருப்படா! வேற வழியில்லாம தலையைச் சொறிஞ்சுக்கிட்டு, "அண்ணா, கொஞ்சம் மேல வர்றியா?"ன்னான். அஞ்சு நிமிஷ வேலை. நான் சாயங்காலம் வரைக்கும் இழுத்தேன். அவன் படியில உக்காந்து ஸ்க்ரூவை ஒண்ணொண்ணா எடுத்துக் குடுத்துக்கிட்டு, அந்த ஜன்னல் சீனை நடிச்சு வேற காட்டினான். கதவு திறந்ததும், "வியாழக்கிழமை கீழ வந்து பாக்கட்டுமா? என் டிவி சின்னதா இருக்கு"ன்னான். அவன் டிவி என்னோடதை விடப் பெரிசு.

அதனால மேல எழுதினதை எல்லாம் அடிச்சுடு. அண்ணனை எங்கயும் அனுப்பாதே, துண்டும் இருந்துட்டுப் போகட்டும். ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன்: டிவியில அந்த ரெண்டு பேரையும் அவசரப்பட்டுப் பேச விட்டுடாதே. அங்க அவங்க பேசாம இருக்கற வரைக்கும் இங்க இவன் வாராவாரம் கதை பாக்கக் கீழ வருவான்.