பத்துப் பேர் கூடிய கூட்டம்

இரண்டே பேர் வந்தது மூன்றாவது கூட்டத்துக்கா, நான்காவதுக்கா என்று எனக்கு இப்போது சரியாக நினைவில்லை. சொல்லிச் சொல்லி நானே சிலவற்றைச் சேர்த்திருக்கவும் கூடும். காலி நாற்காலிகள் மட்டும் நிச்சயம்.

அவற்றின் முன்னால் நின்றுகொண்டு செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.

“மணி நாலேகால். பதினோரு பேர் சங்கத்துல ரெண்டு பேர். பாதிக்கு மேல, ஆறு பேர் இல்லாம கூட்டம் செல்லாது.”

“அப்ப நான் போகட்டுமா அண்ணே?” என்றாள் தலைவி. சங்கத்துக்குத்தான் தலைவி, வேலையில் காலர் தைப்பவள்.

“உக்காரும்மா. செல்லாத கூட்டமா இருந்தாலும் அஞ்சு மணி வரைக்கும் நடத்தணும்.”

அது தையல்காரர்களின் கூட்டுறவுச் சங்கம். முதலாளி ஒருநாள் காலையில் கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டுக் காணாமல் போனபோது, தெருவில் நின்ற பத்துப் பேரையும் சேர்த்துக்கொண்டு, அலுவலகம் அலுவலகமாக அலைந்து அதை உண்டாக்கியவர் செயலாளர். துணி வெட்டுவதும் அவர்தான். காலையில் பின்னறைக்குள் நுழைந்தால் வெட்டுமேசையை விட்டு அசையமாட்டார். மதியச் சாப்பாடும் அதன் ஓரத்திலேயே.

விதிகளையும் அவரே எழுதினார். ஒருவருக்கு ஒரு ஓட்டு. ஊசியில் நூல் கோக்கத் தெரிந்த யாருக்கும் கதவு திறந்திருக்கும். முப்பத்தொன்றாவது விதி மட்டும் அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு: உறுப்பினர் மீது புகார் வந்தால், உறையைப் பிரிப்பதற்கு முன்பே தண்டனைக்கு ஓட்டெடுக்க வேண்டும். பெயர் தெரிந்துவிட்டால் தயவு தாட்சண்யம் வந்துவிடும் அல்லவா?

அப்படி ஒரு உறை இப்போது பீரோவில் இருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது. கூடவே நாற்பது சீருடைச் சட்டைகளும் திரும்பி வந்திருந்தன. எல்லாவற்றிலும் இடது கை வலது கையைவிட ஒரு விரல் அகலம் குட்டை.

“தையல்ல எவனோ இழுத்திருக்கான்” என்றார் செயலாளர், ஒரு சட்டையை முகத்துக்கு அருகே பிடித்துக்கொண்டு.

தலைவி கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தாள். “அந்த உறைய அடுப்புல போட்டுருங்கண்ணே.”

“நல்லாருக்கே! இந்த மாசத்துக்குள்ள நடவடிக்கை எடுக்கலேன்னா அடுத்த வருஷ வேலை கிடையாதாம். சட்டையக் கொண்டுவந்த வேன்காரர் சொல்லிட்டுப் போனார். அது போனா சங்கம் போச்சு. மறுபடி எல்லாரும் தெருவுல நிக்கணுமா?”

பின்னறையிலிருந்து கத்தரிச் சத்தம் கேட்டது.

மறுநாள் அவர் ஒவ்வொருவரிடமும் அறிவிப்பில் கையெழுத்து வாங்கினார். எல்லோரும் போட்டார்கள். தலைவியைத் தவிர யாரும் வரவில்லை.

“என்னப்பா, கையெழுத்துப் போட்டியே?” என்று காஜா போடுபவரைக் கேட்டார்.

“அவசர வேலைண்ணே.”

“நாலு மணிக்கு மட்டும் உனக்கு அவசரம் வருமா?”

காஜாக்காரர் ஊசியைப் பார்த்தபடி, “ஆமாண்ணே, சரியா நாலு மணிக்குத்தான்” என்றார்.

வாரம் ஒரு கூட்டம் என்பதால்தான் இந்த அலட்சியம் என்று முடிவுசெய்து, தினமும் நாலு மணிக்குக் கூட்டம் என்று அறிவித்தார். முன்னறையில் உட்கார்ந்து, உலகத்தின் முதல் கூட்டுறவுச் சங்கங்கள் எப்படித் தோன்றின என்பதைத் தலைவிக்கு வாசித்துக் காட்டினார். அவள் கேட்டாள், சிலசமயம் தூங்கினாள். ஆச்சரியம் என்னவென்றால், அதன் பிறகு ஒரு சட்டைகூடத் திரும்பி வரவில்லை.

“பாத்தியா? கொள்கை காதுல விழுந்தாலே போதும், கை திருந்திருது.”

“உறைய எரிச்சிரலாமேண்ணே, இப்பவாவது.”

“தப்பு பண்ணவனத் தப்பிக்க விடறதா கூட்டுறவு?”

மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது. வருகிற ஆளைப் புதிதாகச் சேர்த்துவிட்டால் போகிறது என்று அவருக்குத் தோன்றியது. மனைவி, மச்சான், தெருமுனை முடிதிருத்துபவர், அவருடைய தம்பி ஆகிய நால்வரையும் சேர்த்தார். விதிப்படி நூல் கோக்கும் சோதனை நடந்தது. எப்படிக் கோப்பது என்று காட்ட ஊசியை எடுத்தவர், மூன்று முறை முயன்றார்.

“இந்தக் காலத்து நூலே சரியில்ல.”

“குடுங்க மாமா” என்று மச்சான் வாங்கிக் கோத்துக் கொடுத்தான்.

நாலு மணிக்கு ஆறு பேர் உட்கார்ந்தார்கள். செயலாளர் உறையை எடுக்கக் கை நீட்டியபோது முடிதிருத்துபவர் கேட்டார்:

“இப்ப சங்கத்துல மொத்தம் பதினஞ்சு பேருல்ல? அப்ப எட்டுப் பேரு வேணுமே?”

செயலாளர் சாக்கட்டியால் சுவரில் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஆள் சேரச் சேரத் தேவையும் ஏறியது. சாக்கட்டி தேய்ந்தபோதுதான் விடை கிடைத்தது: இன்னும் நாலு பேர். எதிர்வீட்டுக்காரர், அவர் மனைவி, சைக்கிள் கடைக்காரர், வெறுமனே வேடிக்கை பார்க்க வந்த ஒருவர்.

மாதத்தின் கடைசி நாள். பத்தொன்பது உறுப்பினர்களில் பத்துப் பேர் முன்னறையில் இருந்தார்கள். செயலாளர் எழுந்து நின்றார்.

“தப்பு பண்ணவர் யாரா இருந்தாலும் சரி, சங்கத்தை விட்டு நீக்கணும்ங்கறவங்க கை தூக்கலாம்.”

முதலில் தூக்கியது அவர்தான். மனைவி அவரைப் பார்த்துத் தூக்கினாள். மனைவியைப் பார்த்து மச்சான். ஒன்பது கைகள்.

“நீ ஏம்மா தூக்கல?”

“எனக்குக் கை வலிக்குதுண்ணே” என்றாள் தலைவி. அவள் கண் கலங்கியிருந்தது.

“தீர்மானம் நிறைவேறியது.” செயலாளர் உறையைப் பிரித்தார். “எழுத்து பொடியா இருக்கு. நீங்க வாசிங்க.”

முடிதிருத்துபவர் உரக்க வாசித்தார். “தங்கள் சங்கத்தில் துணி வெட்டுபவருக்குக் கண் பார்வை மங்கிவிட்டது என்று அறிகிறோம். அவரை...”

அதற்கு மேல் அவர் தேதியை மட்டும் வாசித்தார்.

பிறகு மனைவி மெதுவாக, “நீங்க தூக்குனீங்க... அதான் நானும்...” என்றாள்.

செயலாளர் எழுந்து போய்ப் பின்னறைக் கதவைத் தள்ளினார். கூட்டத்துக்கு வராத ஒன்பது பேரும் வெட்டுமேசையைச் சுற்றி நின்றார்கள். கைகளைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்கள்.

“ஒன்பது பேர்” என்றார் அவர். “தலைவியோட சேந்தா பத்து. அங்க கை தூக்குனது ஒன்பதுதான். நீங்க இன்னிக்கு ஒரு நாள் உள்ள வந்து உக்காந்திருந்தா நான் தப்பிச்சிருப்பேனே. ஒரு கூட்டத்துக்கு வரக்கூட உங்களுக்கு மனசில்லையா?”

காலி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த டீக்கார அம்மாதான் சொன்னாள்:

“எப்படிய்யா வருவாங்க? நீங்க இந்த மேசைய விட்டு எந்திரிக்கிறதே கூட்டத்துக்குத்தான். நீங்க வெட்டுனதச் சரி பண்ண இவங்களுக்கு வேற நேரம் ஏது?”

முப்பத்தொன்றாவது விதியில் மேல்முறையீட்டுக்கு இடமில்லை. அதையும் எழுதியவர் அவர்தான். இப்போது காஜாக்காரர் துணி வெட்டுகிறார். பள்ளிக்கூட வேலை தொடர்கிறது. சங்கம் நன்றாகவே நடக்கிறது. முடிதிருத்துபவர் செயலாளர். மனைவியும் மச்சானும் உறுப்பினர்களாகவே இருக்கிறார்கள். நாலு மணிக்கு மனைவியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, பழைய செயலாளர் வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். உள்ளே நாற்காலி கிடைப்பதில்லை. கூட்டத்துக்கு இப்போது எல்லோரும் வந்துவிடுகிறார்கள்.