மாப்பிள்ளை எந்த நாடு?

ஒரு நாட்டை ஆள்வதற்கே உலகம் திண்டாடுகிறது. ஒரே கூரையின் கீழ் மூன்று நாடுகளை வைத்து, மூன்றுக்கும் மூன்று வேளை சோறு போட்டவர் எனக்குத் தெரிந்து வளர்முகத்தார் ஒருவர்தான்.

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் போகும் தெருவில் அவர் தங்க அறைகளும் உள்ள ஒரு சாப்பாட்டு விடுதி நடத்தினார். சொந்தப் பெயர் ஏதோ இருந்திருக்கும். வியாபாரம் எப்படி என்று கேட்டாலும் "வளர்முகம்" என்பார், முழங்கால் வலி எப்படி என்று கேட்டாலும் "வளர்முகம்" என்பார். வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தை விட்டுப் போனபோது அவருக்கு அங்கிருந்த வேலையும் போனது. சில நாடுகள் ஏன் முன்னேறுகின்றன, சில ஏன் படுத்துக் கிடக்கின்றன என்ற யோசனை மட்டும் போகாமல் அவரோடு தங்கிவிட்டது.

கப்பல் வந்தால் முதலில் அதன் உடுப்புக் கொடியைத்தான் பார்ப்பார். காற்சட்டை காய்ந்தால் வளர்ந்த நாடு, இடுப்பில் கட்டும் சாரம் காய்ந்தால் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் வளர்முக நாடு. ஒருமுறை ஒரே கொடியில் இரண்டும் காய்ந்தன. மனிசன் அன்று முழுக்க ஒருவரோடும் பேசவில்லை.

சாப்பாட்டு மேசையிலும் இதே பாடம்தான். இரண்டாவது மீன் துண்டு கேட்டால், சேமிப்பு இல்லாத நாடு உருப்படாது என்பார். தேங்காய்ப்பால் சொதி தண்ணீராக இருக்கிறதே என்று முறையிட்டால், அதற்குப் பெயர் பணவீக்கம், அளவு கூடும், பெறுமதி குறையும் என்று விளக்கம் வரும். சொதி வராது.

விடுதியின் அறைகளையும் அவர் அப்படியே பிரித்து வைத்திருந்தார். மின்விசிறி, அலுமாரி, துறைமுகம் தெரியும் யன்னல் எல்லாம் உள்ள முன்னறை வளர்ந்த நாடு. அங்கே சுங்க அதிகாரி ஒருவர் தன் வயிற்றோடு குடியிருந்தார். உட்கார இரண்டு கதிரைகள் மட்டும் உள்ள நடுவறை வளர்முக நாடு. சமைக்கிற குசினிக்குப் பக்கத்தில், புகையும் ஒழுக்கும் நிறைந்த அறை பின்தங்கிய நாடு. அதன் ஒரே பிரஜை துறைமுக அலுவலகத்து எழுதுவினைஞனான நான்.

இது நல்ல பகிடி என்று சிரிப்பீர்கள். எனக்கு அப்போது பகிடியாக இல்லை. இரண்டு கலியாணச் சம்பந்தங்கள் அந்த அறையைப் பார்த்த கையோடு முறிந்திருந்தன. மூன்றாவது, மூதூருக்குப் பக்கத்துக் கட்டைபறிச்சானில். அந்தப் பெண்ணைச் சல்லி அம்மன் கோயில் திருவிழாவில் ஒருமுறை பார்த்திருந்தேன். அதன் பிறகு அலுவலகத்தில் நான் கூட்டிய கணக்கு ஒன்றும் சரிவரவில்லை.

பெண்ணின் தகப்பன் வீடு பார்க்க வருகிறார் என்றதும் வளர்முகத்தாரிடம் போய், ஒரே ஒரு நாளைக்கு என்னை முன்னறைக்கு மாற்றச் சொல்லிக் கெஞ்சினேன்.

"ஒரு நாளிலை முன்னேறின நாடு ஒண்டைக் காட்டுங்கோ தம்பி, மாத்திறன்" என்றார்.

சுங்க அதிகாரிதான் மனமிரங்கி, தான் வெளியே போகும்போது அறைப் பூட்டின் திறப்பை என்னிடம் தந்தார்.

தகப்பன் மூதூர் லோஞ்சில் கடல் தாண்டி வந்து இறங்கினார். வயல்காரர், அதிகம் பேசாதவர். மின்விசிறிக்குக் கீழே அவரை இருத்தினேன். அலுமாரியைப் பார்த்தார், யன்னலைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. அந்த நேரம் பார்த்துத் தேத்தண்ணியோடு வந்தார் வளர்முகத்தார்.

"ஐயா, இவர் இந்த அறை இல்லை. இவர் பின்தங்கின நாடு."

வயல்காரர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"தரகர் மட்டக்களப்புப் பக்கம் எண்டெல்லோ சொன்னவர்? தம்பி வேற நாட்டுக்காரரோ? பிரசாவுரிமை இருக்கோ?"

அது அறையின் பெயர் ஐயா என்று சொல்லத் தொடங்கினேன். வளர்முகத்தாரோ அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு நடுவறையைக் கடந்து என் அறைக்கே போய்விட்டார். நான் பின்னாலே இழுபட்டுப் போனேன். வயல்காரர் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"மழைக்கு ஒழுகுமோ?"

"ஓம், ஒழுகும். ஆனா போன மாரியை விட இந்த மாரி குறைவு. அதுதான் ஐயா வளர்ச்சி. முன்னறையிலை இனி வளர இருக்கிறது அந்தச் சுங்கக்காரற்ரை வயிறு மட்டுந்தான்."

வயல்காரர் என்னைப் பார்த்தார், திரும்பவும் கூரையைப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

"என்ரை வயலும் இந்த நாடுதான். தம்பி, நாள் பாப்பம்."

அப்பாடா என்று நான் விட்ட மூச்சு மூதூர் வரைக்கும் கேட்டிருக்கும்.

கலியாணத்துக்கு வளர்முகத்தார் சாக்கில் சுற்றிய ஒரு பாரத்தோடு வந்தார். "வெளிநாட்டு உதவி தம்பி. திருப்பித் தரத் தேவையில்லை" என்று என் காலடியில் வைத்தார். அவிழ்த்தால் ஒரு மின்விசிறி.

சில நாள் கழித்து விடுதிப் பக்கம் போனபோதுதான் விசயம் விளங்கியது. முன்னறைக் கூரையில் விசிறி இல்லாமல் வெறும் கொழுக்கி தொங்கியது. சுங்க அதிகாரி கோபித்துக்கொண்டு வேறு இடம் போயிருந்தார். இது என்ன வேலை அண்ணை என்று கேட்டேன்.

"இப்ப மூண்டு நாடும் வளர்முகந்தான்" என்று சிரித்தார்.

அந்த விசிறி இன்றைக்கும் எங்கள் வீட்டில் கடகடவென்று சுற்றுகிறது. புதிது ஒன்று வாங்குவோமா என்று பிள்ளைகள் கேட்கும்போதெல்லாம், எனக்கு முந்தி என் மனைவி சொல்லிவிடுவாள்: "அந்த மனிசன் கழட்டித் தந்தது. அது ஓடட்டும்."