பாலச்சந்திரன் வளர்த்த பிரெஞ்சுச் செவ்வந்தி

சத்தியம், சத்தியம், சத்தியம். இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பொய்யென்றால் பிள்ளையார் என் இரண்டு கண்ணையும் எடுக்கட்டும். போதாதென்றால் போன கிழமை புதிதாய்ப் போட்ட கண்ணாடியையும் சேர்த்து எடுக்கட்டும். வேறென்ன வேண்டும் உங்களுக்கு?

பாரிஸில் ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில் நாலாம் மாடி. அங்கே பாலச்சந்திரன் என்று ஒருவர். ஒரு பிரெஞ்சு உணவகத்துக் குசினியில் இருபத்தாறு வருடம் நின்றே வேலை செய்தவர். அவர் நின்றுகொண்டே இருந்தார், முழங்கால் உட்கார்ந்துவிட்டது. ஒரு கார்த்திகைக் காலையில் கட்டிலிலிருந்து கால் கீழே வர ஏழு நிமிடம் பிடித்தது. அந்த ஏழாவது நிமிடத்தில் அவர் ஒரு மாபெரும் முடிவெடுத்தார்: "இனி வைத்தியரை நம்பமாட்டன். றொனால்டை நம்புவன்."

றொனால்ட் அதே குசினியில் சலாட் வெட்டுகிறவன். உலகத்தில் அவனுக்குத் தெரியாத விஷயம் இரண்டுதான்: ஒன்று சலாட், மற்றது வெட்டுவது.

"பாலாண்ணை, கஞ்சாப் பூ. நல்லெண்ணெயிலை போட்டுக் காய்ச்சிப் பூசினால் முழங்கால் துள்ளும். நீங்கள் பின்னாலை ஓடிப் பிடிக்கவேணும்."

"பூவுக்கு எங்கை போறது?"

"பாரிசுக்கு வெளியாலை, பொண்டியிலை எனக்கொரு ஆள் இருக்கு. கன்று தருவான். நீங்களே வளருங்கோ."

இதில் ஒரேயொரு சிக்கல். சிக்கலின் பெயர் சாரதாதேவி. பாலச்சந்திரனின் மனைவி. சுகிர்தம் அக்காவின் பூக்கடையில் மாலை கட்டுகிறவர். மூன்று வருடம் காகிதம் சேர்த்து, முத்திரை குத்தி, மொழிபெயர்த்து, தனக்கும் கணவனுக்கும் நசியோனாலித்தேக்கு விண்ணப்பம் போட்டு வைத்திருந்தார். பிரெஞ்சுக் குடியுரிமை. பங்குனியில் நேர்முகம்.

"இஞ்சாருங்கோ," என்று அவர் தினமும் சொல்லுவார், "நேர்முகம் முடியுமட்டும் ஒரு குற்றமும் எங்கடை பேரிலை வரப்படாது. சிவப்பு லைற்றிலை ரோட்டுக் கடக்கவேண்டாம். தும்முறதெண்டாலும் சட்டப்படி தும்முங்கோ. பொலிஸ் ஒருக்கா வாசலுக்கு வந்தாலும் எல்லாம் போச்சு."

"ஓம்" என்றார் பாலச்சந்திரன். அடுத்த நாளே சலாட் பைக்குள் கன்றோடு வந்து நின்றார்.

எங்கே வைப்பது? பாரிஸில் சாமிக்கு அறை கொடுக்கிறவன் கோடீஸ்வரன். மற்றவர்கள் அலுமாரி கொடுக்கிறார்கள். இவர்கள் வீட்டிலும் அப்படித்தான். ஜன்னலோரம் ஓர் அலுமாரி. மேல் தட்டில் பிள்ளையார், முருகன், பக்கத்தில் பாலச்சந்திரனைப் பெற்ற ஐயாவின் மாலை போட்ட படம், அணையாமல் எரியும் குட்டிச் சிவப்பு பல்ப். கீழ்த் தட்டில் இருந்த சூட்கேஸை இழுத்து வெளியே போட்டுவிட்டு, பூச்சாடியையும் ஊதா விளக்கு ஒன்றையும் வைத்தார்.

மாலையில் சாரதாதேவி விளக்கேற்றக் குனிந்தார்.

"இதென்னப்பா?"

"செவ்வந்தி. சாமிக்குப் பூ வைக்க."

நாளுக்கு ஆயிரம் செவ்வந்தி கோர்க்கும் மனிசியிடம் சொல்ல வேறு பூவா கிடைக்கவில்லை? வாய் முந்திவிட்டது. மூளை பின்னால் நொண்டிக்கொண்டு வந்தது.

"செவ்வந்தி இலை இப்பிடிக் கையை விரிச்சுக்கொண்டு நிக்காதே?"

"இது... பிரெஞ்சுச் செவ்வந்தி."

"ஓ, பிரெஞ்சோ? அதுதான் கையை விரிக்குது. அரசாங்கக் கந்தோரிலை இந்தப் பிரெஞ்சுக்காரரிட்டை எதைக் கேட்டாலும் கையைத்தானே விரிப்பினம்."

அவ்வளவுதான். கற்பூரம் காட்டினார், போய்விட்டார். பாலச்சந்திரனுக்குத் தன் சாமர்த்தியத்தை எண்ணி அன்று சோறு இறங்கவில்லை.

செடி வளர்ந்தது. வளர்ந்தது, வளர்ந்தது, முருகனின் தட்டில் முட்டி, மயிலின் வாலை விலக்கி எட்டிப் பார்த்தது. பூ மட்டும் இல்லை.

"வெளிச்சம் எவ்வளவு குடுக்கிறியள்?" என்று றொனால்ட் கேட்டான்.

"இருபத்துநாலு மணித்தியாலமும். கஞ்சாவுக்குக் கஞ்சத்தனம் காட்டலாமோ?"

"கெடுத்தியள்! அது இன்னும் கோடைகாலம் எண்டு நினைச்சு வளந்துகொண்டே இருக்கும். நாளுக்குப் பன்னிரண்டு மணித்தியாலம் வெளிச்சம், பன்னிரண்டு மணித்தியாலம் கும்மிருட்டு. அப்பத்தான் 'ஐயோ, மாரி வருது' எண்டு பயந்து பூக்கும்."

"பயந்து பூக்கிறதோ? அப்ப சாரதாவை ஒருக்கா முன்னாலை நிப்பாட்டினால் போதுமே."

"பகிடி விடாதையுங்கோ. இருட்டுக்கு நடுவிலை ஒரு சொட்டு வெளிச்சம் பட்டாலும் அதின்ரை இரவு முறிஞ்சிடும். பிறகு பூவும் இல்லை, காயும் இல்லை."

சாரதாதேவி பகலில் பூக்கடையில். ஆகவே காலை ஏழிலிருந்து மாலை ஏழுவரை செடிக்கு இரவு என்று பாலச்சந்திரன் சட்டம் போட்டார். விளக்குக்கு நேரம் வைத்த பிளக் பூட்டினார். கதவிடுக்கில் கறுப்புத் துணி அடைத்தார். எல்லாம் சரி. மேல் தட்டில் அந்தச் சிவப்பு பல்ப்?

"இஞ்சேரும்," என்று ஆரம்பித்தார், "கோயிலிலை மத்தியானம் நடை சாத்துறவைதானே?"

"ஓம்."

"அப்ப எங்கடை பிள்ளையார் என்ன பாவம் செய்தவர்? இருபது வருசமாக் கண்ணுக்கு நேரை பல்ப். மனிசன் நித்திரை கொள்ளவேண்டாமோ? காலமை ஏழுக்குச் சாத்தி, பின்னேரம் ஏழுக்குத் திறப்பம்."

"பன்னிரண்டு மணித்தியால நித்திரையோ? வேலை போன ஆக்கள்கூட அவ்வளவு கொள்ளுறேல்லை."

"பெரிய வயிறு. களைப்பு இருக்கும்."

சாரதாதேவி அவரை ஒருமுறை மேலிருந்து கீழ் பார்த்தார். பிறகு செடியைப் பார்த்தார். "சரி, இருட்டிலையே இருக்கட்டும்," என்றார். யார் என்று சொல்லவில்லை.

அந்தக் கிழமையே பக்கத்து நகரமான திரான்சியில், பெரியபிள்ளையான ஒரு சிறுமிக்குச் சாமத்தியச் சடங்கு. சமையலுக்குப் போன பாலச்சந்திரன் இரண்டு நாள் அங்கேயே தங்கிவிட்டார். திரும்பி வந்து அலுமாரியைத் திறந்தால் செடி அரைவாசி உயரம். இலையும் விரித்த கையை மடக்கி வைத்திருந்தது.

"றொனால்ட், இலை மாறிப் போச்சடா!"

"மாறும் அண்ணை. இருட்டைக் கண்டால் நாங்களும் முகம் சுருக்குறேல்லையோ?"

எவ்வளவு பெரிய விஞ்ஞானம்! பாலச்சந்திரனுக்குப் புல்லரித்தது. பூ வரும்வரை பொறுக்க முடியாமல், அன்றிலிருந்து நாளுக்கு ஓர் இலை கிள்ளி, அவித்துக் குடித்தார். முதல் நாளே தலை மிதந்தது. இரண்டாம் நாள் உத்தரம் இறங்கி வந்து குசலம் விசாரித்தது. மூன்றாம் நாள் மெட்ரோவில் முன்னே இருந்த வெள்ளைக்காரருக்குத் தேவாரம் பாடிக் காட்டினார். அவர் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார். முழங்கால்? பதினெட்டு வயது என்றார். லிஃப்டை விட்டுப் படியேறினார்.

எட்டுக் கிழமையில் மொட்டு வந்தது. குண்டுமணி போல நாலு மொட்டு.

"மொட்டு வந்தால் ஒரு கிழமை கதவைத் திறந்து பாக்கப்படாது," என்றார் சாரதாதேவி. "கண்ணூறு படும். தண்ணி நான் ஊத்துறன்."

வியாழக்கிழமை காலை பத்து மணி. கதவு தட்டப்பட்டது. பாலச்சந்திரன் திறந்தார். கட்டடக் காவல்காரி மரி-லூயிஸ். அவருக்குப் பின்னால் ஒரு பொலிஸ்காரன். ஆறடி இருப்பான், பாலச்சந்திரன் கண்ணுக்குப் பதினாறடி.

"மிசியே பாலா, உங்கள் ஜன்னலில் ஒவ்வோர் இரவும் ஊதா வெளிச்சம். தெருவில் யாரோ முறையிட்டிருக்கிறார்கள். ஜன்னலோர அலுமாரியைக் கொஞ்சம் பார்க்கலாமா?" என்றார் மரி-லூயிஸ்.

பாலச்சந்திரன் தெரிந்த பிரெஞ்சையெல்லாம் திரட்டினார். குசினிப் பிரெஞ்சு. "வேண்டாம்! திறக்காதீர்கள்! உள்ளே இப்போது இரவு!"

பொலிஸ்காரன் மரி-லூயிஸைப் பார்த்தான். மரி-லூயிஸ் கூரையைப் பார்த்தார். பாலச்சந்திரனின் கண்ணுக்குள் பங்குனி, நேர்முகம், மூன்று வருடக் காகிதம், சாரதாவின் முகம் எல்லாம் வரிசையாக வந்து போயின. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். அலுமாரிக் கதவு கிரீச்சென்றது.



பொலிஸ்காரன் மெல்லத் தொப்பியைக் கழற்றினான். மரி-லூயிஸ் சிலுவை போட்டுக்கொண்டார். இந்த நாட்டில் செவ்வந்தி கல்லறைக்கு வைக்கும் பூ என்பது உங்களுக்குத் தெரியும்தானே? உயிரோடிருக்கிறவர் வீட்டுக்கு அதைக் கொண்டுபோனால் தடியெடுப்பார்கள். இங்கே இருட்டு அலுமாரி, மாலை போட்ட படம், அதன் கீழே மஞ்சள் மஞ்சளாய் நாலு செவ்வந்தி.

"கொந்தொலெயான்ஸ், மிசியே," என்றான் பொலிஸ்காரன், குரலைத் தாழ்த்தி.

அனுதாபம் சொல்கிறான். ஆனால் குசினியில் அந்தச் சொல்லுக்கு ஏது வேலை? ஏதோ சட்டப் பிரிவின் பெயராக்கும் என்று நினைத்தார் பாலச்சந்திரன். கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "எத்தனை வருடம்?"

பொலிஸ்காரன் ஐயாவின் படத்தை உற்றுப் பார்த்தான். செத்தவரின் வயதை மதிக்கச் சொல்கிறார் போலிருக்கிறது, பாவம்.

"நாலு இருபது இருக்கும்," என்றான் அன்பாக.

பிரெஞ்சுக்காரன் எண்பதை எண்பது என்று சொல்லமாட்டான். நாலு இருபது என்பான். பாலச்சந்திரனுக்கு நாலு என்றதும் மொட்டு ஞாபகம் வந்தது.

"மொட்டுக்கு இருபது வருசமோ!" என்று தமிழில் அலறி, அப்படியே சோபாவில் சரிந்தார்.

"எவ்வளவு பாசம்," என்று மரி-லூயிஸ் மூக்கைத் துடைத்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டுப் போனார். பொலிஸ்காரன் நுனிக்காலில் படியிறங்கினான்.

மத்தியானம் சாரதாதேவி வந்து முகத்தில் தண்ணீர் தெளித்தார். எழுந்த பாலச்சந்திரன் முதலில் கையைப் பார்த்தார், விலங்கில்லை. பிறகு அலுமாரியைப் பார்த்தார்.

"இது... செவ்வந்தியெல்லே!"

"நீங்கள்தானே அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"எப்ப மாத்தினனீர்?"

"நீங்கள் திரான்சியிலை கத்தரிக்காய் பொரிச்ச அண்டைக்கு. சுகிர்தம் அக்கான்ரை கடையிலை கன்று எடுத்தன். இதுக்கும் அதே இருட்டுத்தான் வேணும், ஒல்லாந்திலை கறுப்புத் துணி போட்டு மூடித்தான் பூக்க வைக்கிறவை. நல்ல காலம், நேரம் தவறாமல் நீங்களே மூடி மூடித் திறந்தியள். எனக்கு ஒரு வேலையும் இல்லை."

"அப்ப அந்தச் செடி?"

"அதைத் துண்டு துண்டா வெட்டி ரொய்லெற்றிலை போட்டுத் தண்ணி அடிச்சாச்சு."

பாலச்சந்திரன் முழங்காலைத் தடவினார். "அப்ப நான் நாள்தோறும் அவிச்சுக் குடிச்ச இலை?"

"செவ்வந்தி இலை."

"எனக்குத் தலை மிதந்ததே! உத்தரம் கதைச்சதே!"

"உங்களுக்கு எப்ப மிதக்கேல்லை?"

"முதலே தெரிஞ்சிருந்தால் என்னோடை சண்டை பிடிச்சிருக்கலாமே. ஏன் வாயே திறக்கேல்லை?"

சாரதாதேவி நாலு பூவையும் கிள்ளிப் பிள்ளையாருக்கு வைத்தார். "கலியாணம் கட்டி முப்பது வருசம். நீங்கள் சொன்னதிலை ஒண்டையாவது உண்மையாக்கிப் பாப்பம் எண்டு ஆசைப்பட்டன்," என்றார். "கை கழுவிப்போட்டு வாங்கோ, சோறு ஆறுது."

கேட்டீர்கள்தானே? கேட்டதோடு விடுங்கள். இதை ஆர் சொன்னது என்று எவராவது விசாரித்தால் மரி-லூயிஸ் சொன்னா என்று சொல்லிவிடுங்கோ. அவவுக்குத் தமிழ் தெரியாது, மறுக்கமாட்டா.