கொடும்பாவிக்குக் கொள்ளி

வைக்கோல் கொடும்பாவிக்குப் பழஞ்சேலையும் கட்டியாகிவிட்டது. இழுக்கத்தான் ஓடைப்பட்டியில் ஓர் ஆள் வரவில்லை.

சூரியபிரகாஷுக்கு இது சினிமாப் படிப்பில் கடைசி ஆண்டு. சொந்த ஊர்ச் சடங்கு ஒன்றைப் படமாக்கிக் கொடுத்தால்தான் பட்டம். மழை வேண்டி ஒரு பொம்மையைப் பிணம்போல் இழுத்து, மாரடித்து அழுது, எரிக்கும் சடங்கை எடுப்பதாக அவன் எழுதிக் கொடுத்திருந்தான். பல்கலைக்கழகத்துக் கேமரா திங்களன்று திரும்பிப் போக வேண்டும். இன்று சனி.

"ஏலே, பத்து நாள்ல திராட்சை வெட்டு. இப்பப் போயி மழையக் கூப்பிடச் சொல்ற. பழம் பூராம் வெடிச்சுப்போகும்," என்றார் பெரிய தோட்டக்காரர் அய்யாத்துரை.

"சும்மா நடிப்புத்தான் மாமா."

"அது மேகத்துக்குத் தெரியுமா?"

சூரியபிரகாஷ் யோசித்தான். "அப்பக் கொள்ளி வைக்க வேணாம். சடங்கு பாதியில நின்னா மழை எப்படி வரும்?"

"படிச்ச புள்ளைன்னு காட்டிட்டியே," என்று அய்யாத்துரை கயிற்றைப் பிடித்தார்.

ஒப்பாரிக்குப் பேர்போன பாண்டியம்மாள் முன்னின்று பாடி அழ, பெண்கள் மாரடித்தார்கள். கொட்டுச் சத்தத்தில் பாட்டு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. அதன் பொருளையும் படத்தோடு எழுதிக் கொடுக்க வேண்டும். பிறகு பதிவைப் போட்டு நிதானமாகக் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான். கண்ணீர் மட்டும் அருமையாகப் பதிவானது.

அழுது முடித்த பெண்களில் ஒருத்தியும் அடுப்பு மூட்டவில்லை.

"தெருவுல பிணம் கெடக்கையில யாரும் உலை வைப்பாகளா?" என்றாள் அவன் அம்மா சோணையம்மாள்.

"அது வைக்கோல்தானம்மா."

"அப்ப நாங்க அழுதது வைக்கோலுக்கா?"

பொழுது சாயும்போது பசித்த ஆண்களெல்லாம் அவன் வாசலில் நின்றார்கள். வேறு வழியில்லாமல் அவனே கொள்ளி வைத்தான். ஊரில் சோறு வெந்தது.

சோறு வெந்த கையோடு மேற்கு மலை கறுத்தது. ஊரே வானத்தைப் பார்த்தது. பிறகு அவனைப் பார்த்தது. அய்யாத்துரையின் வழுக்கையில் ஒரு துளி விழுந்தது. அதை விரலால் தொட்டு அவனிடம் காட்டினார்.

"இன்னொன்னு விழட்டும். அந்தக் கேமராவும் இதே நெருப்புலதான்."

அவன் கேமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். இரண்டாவது துளி விழவில்லை. காற்று மேகத்தைக் கிழக்கே தள்ளிக்கொண்டு போய்விட்டது. அய்யாத்துரை துண்டால் தலையைத் துடைத்தபடி சாப்பிடப் போனார்.

மறுநாள் காலை பஸ்ஸுக்கு நின்றபோது, தோளில் தொங்கிய கேமராப் பை பட்டம் மாதிரியே கனத்தது. கூடையோடு பாண்டியம்மாள் வந்தாள்.

"பெரியம்மா, ஒங்க அழுகை இல்லேன்னா படமே இல்ல. நல்லவேளை, மழைதான் வரல."

"எப்படி வரும்? ஏந் தோட்டத்துலயும் பழந்தான தொங்குது. 'மழையே, இங்கன வந்துராத, அப்படியே கிழக்க ஆண்டிபட்டிப் பக்கம் போயிரு'ன்னுல்ல நேத்துப் பூராம் பாடுனேன்."