பிளக்கைக் கழுத்தில் போட்டுக்கொண்டவர்

மனிதர்களை யார் யாரோ எப்படி எப்படியோ பிரிக்கிறார்கள். விட்டுத்தள்ளுங்கள். வீட்டில் ஒரு சாமான் கெட்டுப்போனால் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர் ஓர் இனம். ‘ஐயோ, குடுக்காதே, உள்ள நல்ல காப்பர் காயில் இருக்கும்’ என்று அதைப் பிடுங்கிக்கொண்டு போய் மூடியைக் கழற்றுகிறவர் இன்னோர் இனம். நாம் பார்க்கப்போவது இந்த இரண்டாவதை. கொஞ்சம் தள்ளி நின்றே பார்ப்போம். தொட வேண்டாம்.

அடையாளம் காண்பது எளிது. ஒரு புருவம் முழுசாக இருக்கும், இன்னொன்று பாதி பொசுங்கியிருக்கும். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் டெஸ்டர் குத்தி நிற்கும். எதைக் கழற்றி மாட்டினாலும் கையில் திருகாணி மிச்சமாகும். கேட்டால், “கம்பெனிக்காரன் தேவையில்லாம போட்டிருக்கான்” என்பார். ரப்பர் செருப்பு? ஒரு காலில் உண்டு. மற்றது ஆடுகிற மேசைக்கு முட்டுக் கொடுக்கப் போயிருக்கிறது. கையுறை? அதுவும் உண்டு. அதற்குள்தான் அந்த மிச்சத் திருகாணிகள் இருக்கின்றன. இவர்களுக்கென்றே ஒரு மந்திரமும் இருக்கிறது: ‘ஒண்ணும் ஆகாது.’

நம் ஆசாமி இந்த இனத்தில் ஒரு நல்ல மாதிரி. பகலெல்லாம் பேருந்து நிலையத்து ஒலிபெருக்கியின் முன்னால் உட்கார்ந்து, ‘பயணிகளின் கனிவான கவனத்திற்கு, ஓடும் பேருந்தில் ஏறாதீர்கள், படியில் தொங்காதீர்கள், கேட்பாரற்றுக் கிடக்கும் பொருளைத் தொடாதீர்கள்’ என்று ஊருக்கே புத்தி சொல்லும் வேலை. என்ன குரல்! தூக்கிய காலைத் தானாகக் கீழே வைக்க வைக்கும் குரல். அந்தக் குரலின் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்ததும் பின்பக்க அறைக்குள் போய், கேட்பாரற்றுக் கிடந்த பொருள்களை எல்லாம், அதாவது செத்துப்போன டிவியின் டிரான்ஸ்ஃபார்மர், யாரோ வீசிய கம்பிச் சுருள், எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியாத ஒரு கருப்புப் பெட்டி எல்லாவற்றையும் ஒன்றோடொன்று முடிந்து, இரண்டு ஆணிகளுக்கு நடுவே ஊதா நிறத்தில் ஒரு விரல் நீள மின்னலை வரவழைப்பார். எதற்கு? அதைக் கேட்ட உறவினர்கள் இப்போது வருவதில்லை.

மின்னல் வந்தால் ‘டப்’ என்று சத்தம் வரும். உடனே அடுப்படியிலிருந்து வீட்டுக்காரம்மாவின் குரலும் வரும்.

“ஏங்க, இருக்கீங்களா?”

“இருக்கேன்!”

அவ்வளவுதான். வெங்காயம் மறுபடி நறுக்கப்படும். கல்யாணமான புதிதில் அந்தம்மா பதறி ஓடி வருவார். பிறகு கதவு வரைக்கும். பிறகு குரல் மட்டும் வந்து போனது. ஆனால் ‘இருக்கேன்’ வந்து சேரும்வரை கத்தி வெங்காயத்துக்கு மேலேயே அசையாமல் நிற்கும். பின்பக்க அறையிலிருந்து அது தெரியாதே!

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக்காரம்மாவின் தம்பி ஒரு மைக்ரோவேவ் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“மாமா, ஓடுது, ஆனா சூடே ஆக மாட்டேங்குது. குப்பையில போட்டுடவா?”

“குப்பையிலயா? மாப்ளே, உள்ள இருக்கற டிரான்ஸ்ஃபார்மர் தங்கம்டா!”

“ஏன்டா தம்பி,” என்றார் அக்கா, “இவர் உயிரோட இருக்கறது உனக்குப் பிடிக்கலையா?”

தம்பி அத்தோடு நழுவிவிட்டார். நம்மவர் பிளக்கைச் சுவரில் சொருகி, அடுப்பு உறுமுவதைக் கொஞ்ச நேரம் ரசித்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கினார். ஒயரை மாலையாக்கி, பிளக்கை நெஞ்சில் தொங்கவிட்டுக்கொண்டார்.

“பாத்துக்க. பிளக் என் கழுத்துல. இனிமே கரண்ட் எங்கேருந்து வரும், ஆகாசத்துலேருந்தா?”

“மாலையும் கழுத்துமா நிக்காதீங்க, பயமா இருக்கு.”

“அட, ஒண்ணும் ஆகாது!”

அடுப்புக்குள்ளே ஒரு தகர டப்பா. கெப்பாசிட்டர் என்பார்கள். குடித்த கரண்டை ஆயிரக்கணக்கான வோல்ட்டில் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கம்மென்று உட்கார்ந்திருக்கும். தானாகவே வடிந்துவிடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. கெட்டுப்போன அடுப்பை நம்பலாமா? பிளக் யார் கழுத்தில் தொங்குகிறது என்பதெல்லாம் அந்த டப்பாவுக்குத் தெரியுமா என்ன?

மூடி கழன்றது. திருப்புளி நுழைந்தது.

அன்றைக்கு ‘டப்’ இல்லை. ‘டமார்!’

“ஏங்க, இருக்கீங்களா?”

பதில் இல்லை. கத்தி வெங்காயத்துக்கு மேலே நின்றது.

“ஏங்க!”

கத்தி எங்கே விழுந்தது என்று அந்தம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. வழியில் மெயின் சுவிட்சைத் தட்டி அணைத்துவிட்டு ஓடினார். நம்மவர் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். கையிலிருந்து எகிறிய திருப்புளி மூலையில் கிடந்தது. அதன் நுனியைக் காணோம். பிளக் மட்டும் நெஞ்சின் மேல் பத்திரமாக இருந்தது.

வாய் திறந்து மூடியது. ஒரு பேருந்து நிலையத்தையே நிரப்புகிற குரல், பக்கத்தில் குனிந்த மனைவியின் காதுவரைக்கும்கூட வரவில்லை.

“சொல்லுங்க. இருக்கேன்னு சொல்லுங்க.”

“இ... இரு...”

“முழுசா சொல்லுங்க!”

“இருக்...கேன்.”

அந்தம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அடுப்படியில் ஏதோ தீய்ந்துகொண்டிருந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

மனிதர் திருந்தினாரா? நல்ல கேள்வி. இப்போது மச்சானைக் கூப்பிட்டு உட்கார வைத்து, “மாப்ளே, கெப்பாசிட்டர்கிட்ட ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும்” என்று, ஏதோ அதைக் கண்டுபிடித்தவரே தான்தான் என்பதுபோல வகுப்பு எடுக்கிறார். புருவங்கள் இரண்டும் இப்போது ஒரே அளவு, பொசுங்கியதில் சமமாகிவிட்டன. ஊதா மின்னல் நின்றுபோயிற்று. கேட்டால், “சரியான ஆணி கிடைக்கல” என்பார்.

வீட்டில் சத்தமே இல்லை. அதுதான் சங்கடம். முன்பெல்லாம் சத்தம் கேட்டால்தான் அடுப்படியிலிருந்து குரல் வரும். இப்போது சத்தம் இல்லாவிட்டால் வருகிறது. முகம் மழிக்கும்போது, செய்தித்தாள் படிக்கும்போது, நாற்காலியில் கண்ணயரும்போதுகூட: “ஏங்க, இருக்கீங்களா?” அவரும் ஒலிபெருக்கிக் குரலை எடுத்து, அக்கறையாக, தெளிவாக, ஒவ்வொரு தடவையும் “இருக்கேன்” என்கிறார்.

சிரிக்கிறீர்களா? நல்லது. அப்படியே உங்கள் மேசையையும் ஒரு தடவை பாருங்கள். மூடி கழற்றிய சாமான் ஏதாவது? இரண்டு திருகாணி மிச்சம்? ‘அதான் பிளக்கைப் பிடுங்கியாச்சே’ என்று நாக்கு நுனியில் ஒரு பதில்? அப்படியானால், அடுப்படியிலிருந்து யாராவது காரணமே இல்லாமல் உங்களைக் கூப்பிடும்போது ‘ப்ச், இருக்கேன்’ என்று சலித்துக்கொள்ளாதீர்கள். கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, எழுந்துபோய் முகத்தைக் காட்டிவிட்டு வாருங்கள்.

அங்கே ஒரு வெங்காயம் பாதியில் நிற்கிறது.