பின் ரூமுக்கு நடந்த கூண்டுச் சண்டை

உயிரே போனாலும் பின் ரூமை விட்டுக்கொடுப்பதில்லை என்று கண்ணாடிக்கடைக்காரர் ஞாயிற்றுக்கிழமை காலை பல் தேய்க்கும்போதே முடிவு செய்துவிட்டார்.

ஊருக்கெல்லாம் மூக்குக்கண்ணாடி மாட்டிவிடுகிறவர் அவர். வீட்டில் அவருக்கென்று இருந்தது அந்த ஒரு ரூம்தான். சுவர் முழுக்க, கம்பிக் கூண்டுக்குள் மோதுகிற கூண்டுச் சண்டை வீரர்களின் படங்கள். நடுவில் ஒரு குத்து மூட்டை தொங்குகிறது. வாங்கிய அன்று அதை ஒரே ஒரு குத்து குத்தினார். மணிக்கட்டு வீங்கி, ஒரு வாரம் கடையில் ஸ்க்ரூ முடுக்க முடியவில்லை. அன்றிலிருந்து அந்த மூட்டையில் ஈரத் துண்டுதான் காய்கிறது.

அவர் மனைவி வீட்டிலேயே துணி தைத்துக் கொடுக்கிறவள். மிஷின் சமையலறை வாசலில் கிடந்தது. போன வாரம் தைத்து முடித்த புதுச் சட்டை ஒன்று எண்ணெய்ச் சட்டிக்குள் விழுந்துவிட்டது. அன்று அவள் நிஜமாகவே அழுதாள். அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் சங்கடம் வேறு, ரூம் வேறு அல்லவா?

“ஏங்க, இன்னிக்காவது மிஷினைப் பின் ரூமுக்கு மாத்திடலாமா?”

“இன்னிக்கா? இன்னிக்கு என்ன நாள் தெரியுமா?”

“ஞாயித்துக்கிழமை.”

“ஞாயித்துக்கிழமையாம்! கொக்கிக்கும் மலைப்பாம்புக்கும் சாம்பியன் பட்டத்துக்குச் சண்டைம்மா! உலகமே மூச்சைப் பிடிச்சிக்கிட்டு இருக்கு!”

“உலகம் இருக்கட்டும். நான் மிஷினைப் பத்திக் கேட்டேன்.”

கொக்கி நம்ம ஆளுடைய உயிர். இடது கையை வளைத்து ஒரு குத்து விட்டால் எதிராளிக்கு முந்தாநாள் நினைவுகூடப் போய்விடும். மலைப்பாம்பு வேறு ரகம். சுற்றி வளைத்துக் கீழே தள்ளிக் கழுத்தை இறுக்குகிறவன்.

“குத்தலாம், உதைக்கலாம், மல்லுக்கட்டலாம், கழுத்தை நெரிக்கலாம்…” என்று அவர் அடுக்கினார்.

“அப்ப எதைத்தாங்க செய்யக்கூடாது?”

பதின்மூன்று வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவள் சண்டையைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி. அவருக்குப் புல்லரித்துவிட்டது. காலைச் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து ஹாலின் நடுவே ஒரு முட்டியை ஊன்றி உட்கார்ந்தார்.

“அப்படிக் கேளு! ஒருத்தன் இப்படித் தரையில முட்டி போட்டிருக்கான்னு வை. அப்ப இன்னொருத்தன் முட்டியால அவன் மூஞ்சியில இடிக்கக்கூடாது. இடிச்சா, இடிச்சவன் தோத்தவன். பேச்சே கிடையாது!”

“சரி, எந்திரிங்க.”

எழுந்திருக்கத்தான் சோபாவைப் பிடிக்க வேண்டியிருந்தது.

கடைக்குச் சரக்கு வருகிறது என்று பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினார். கடை டிவியில் சண்டை நேரலையாக ஓடியது. போனில் ‘கூண்டுக் குடும்பம்’ என்ற ரசிகர் குரூப்பு கொதித்துக்கொண்டிருந்தது. அதில் இவர் பெயர் ‘இடி’. ஒரு மாதமாக அங்கே இதே பேச்சுதான். கொக்கிக்கு விலாவில் அடியாமே? மலைப்பாம்பு எடை குறைக்க முடியாமல் திண்டாடுகிறானாமே? இடிக்குப் பரம எதிரி ‘பல்செட்டு’. பொய்ப்பல் செய்கிற தொழில், மலைப்பாம்பு கட்சி. “உங்க கொக்கிக்கு நான் இப்பவே ஒரு செட்டு ரெடி பண்ணிட்டேன்” என்று தினமும் வம்புக்கு இழுப்பான்.

நாலாவது சுற்று. மலைப்பாம்பு தடுமாறி விழுந்து எழுந்திருக்கப் பார்த்தான். கொக்கியின் முட்டி நேராகத் தாடையில் போய் இறங்கியது. படார்! மலைப்பாம்பு மல்லாந்துவிட்டான். கொக்கியின் கையை நடுவர் தூக்கிவிட்டார்!

கண்ணாடிக்காரர் போட்ட கூச்சலில் அலமாரியில் இருந்த பிரேம்கள் ஆடின. கண் பரிசோதனைக்கு உட்கார்ந்திருந்த பெரியவர், “என்ன தம்பி, கண்ணாடி உடைஞ்சிருச்சா?” என்று பதறினார். உடனே குரூப்புக்கு ஒரு குரல் பதிவு பறந்தது. பிறகு குரூப்பின் சத்தத்தை அடைத்துவிட்டு மூச்சு வாங்க உட்கார்ந்தார். அப்போதுதான் மூளைக்குள் பளிச்சென்று ஒரு யோசனை.

முடிவு இவருக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. சாயங்காலம் மறு ஒளிபரப்பு இருக்கிறது!

மத்தியானம் வீட்டு வாசலிலேயே நாடகம் தொடங்கியது.

“ஏம்மா, இந்தா, முதல்ல இந்தப் போனை வாங்கிக்க! நான் இன்னும் சண்டையைப் பாக்கலை. எவனாவது முடிவைச் சொல்லித் தொலைச்சிருவான். சாயங்காலம் வரைக்கும் நான் கேட்டாக்கூட குடுக்காதே!”

“கெஞ்சினாக்கூடவா?”

“கால்ல விழுந்தாக்கூட!”

தன் நடிப்பில் தானே சொக்கிப்போனார். அந்தப் போன் அவர் விரலுக்கு மட்டுமல்ல, அவள் விரலுக்கும் திறக்கும். வாடிக்கையாளர் கூப்பிட்டால் எடுத்துப் பேச என்று அவரேதான் பதிந்து கொடுத்திருந்தார். ஆனால் சண்டை என்றாலே முகம் சுளிக்கிறவள் அதைத் தொடவா போகிறாள்?

சாப்பிட்டுக்கொண்டே பந்தயத்தை எடுத்துவிட்டார். கொக்கி ஜெயித்தால் பின் ரூம் ஆயுசுக்கும் அவருக்கு. மலைப்பாம்பு ஜெயித்தால் அவளுக்கு.

“யோசிச்சுச் சொல்றேங்க” என்றாள். அவர் நிம்மதியாகப் படுத்துக் குறட்டை விட்டார்.

சாயங்காலம் டிவி முன்னால் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். அவள் மடியில் போன்.

“சரிங்க, பந்தயத்துக்குச் சம்மதம். பாவம், பாம்பு. அவன் என் கட்சி.”

அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பேராசையும் தொற்றிக்கொண்டது.

“ரூம் மட்டும் போதாது. தோத்தவங்க ஒரு மாசம் பாத்திரம் தேய்க்கணும்.”

“ரெண்டு மாசமா வச்சிக்கலாமே.”

“மூணு!”

“ஆசைப்படறீங்க, மூணே இருக்கட்டும். ஆனா ஒண்ணு. கடைசித் தீர்ப்புல யாரு ஜெயிச்சவனோ, அதுதான் கணக்கு. அப்புறம் நீங்க பேச்சு மாறக்கூடாது.”

“நானா மாறுவேன்? எழுதி வேணும்னாலும் குடுக்கறேன்!”

“வேணாங்க, உங்க வார்த்தை போதும்.”

சண்டை ஆரம்பித்தது. நம்ம ஆள் ஒன்றுமே தெரியாத பிள்ளை மாதிரி நகத்தைக் கடித்தார். “ஐயோ, கொக்கி தோத்துருவான் போலிருக்கே!” என்று புலம்பினார். நாலாவது சுற்றில் மட்டும் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார். “விட்டான் பாரு முட்டியால!” என்று துள்ளி எழுந்தார்.

“இன்னும் இடிக்கவே இல்லையேங்க?”

“அது… ஒரு அனுபவம்தான்.”

அவர் வாய் மூடுவதற்குள் முட்டி இறங்கியது. மலைப்பாம்பு மல்லாந்தான். கொக்கியின் கை மேலே போனது. கண்ணாடிக்காரர் சோபா மேல் ஏறி ஆடினார்.

“ரூம் யாருக்கு? எனக்கு! பாத்திரம் யாருக்கு? உனக்கு!”

“ஏங்க, இடிச்சப்போ பாம்போட முட்டி தரையிலதானே இருந்துச்சு?”

ஆட்டம் நின்றது. டிவியில் அதையே மெதுவாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள். தினம் பத்துப் பேருக்குப் பார்வை சோதிக்கிறவர் இப்போதுதான் அதைப் பார்த்தார். முட்டி, தரையில், பசை போட்டு ஒட்டின மாதிரி ஊன்றியிருந்தது.

“இருந்தா என்ன? கையைத் தூக்கிட்டாங்க இல்ல? முடிஞ்சுது!”

“முடியலைங்க” என்று அவள் போனை நீட்டினாள். மூன்று மணிக்கு வந்த செய்தி. நடுவர் குழு படத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறது. விதி மீறிய அடி. கொக்கி தோற்றதாகத் தீர்ப்பு. பட்டம் மலைப்பாம்புக்கு.

சோபா மேலிருந்தே குனிந்து படித்தார். பிறகு கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“அப்ப முடிவைத் தெரிஞ்சு வச்சிக்கிட்டா என்கிட்ட பந்தயம் கட்டினே? கட்டின புருஷன்கிட்டயே மோசடியா? அடுக்குமா?”

அவள் போனில் ஒரே ஒரு தட்டு தட்டினாள். ஹால் முழுக்க அவர் குரலே முழங்கியது.

“டேய் பல்செட்டு! பாத்தியாடா! நேரலையில பாத்தியா! கொக்கிடா! நான் அப்பவே சொன்னேன்ல! உன் பாம்பைச் சுருட்டிக் கூடையில வை!”

“இது எத்தனை மணிக்குங்க போட்டது?” என்று சாந்தமாகக் கேட்டாள்.

சோபா மேல் நின்றுகொண்டிருந்தவர் மெதுவாகக் கீழே இறங்கினார். போனை வாங்கிப் பார்த்தார். குரூப்பில் நூற்றுக்கணக்கில் செய்திகள். தீர்ப்பு மாறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ‘இடி’ அங்கே எழுதியிருந்தார். “பாம்போட முட்டி தரையில இருந்துச்சு. இடிச்சவன் தோத்தவன். பேச்சே கிடையாது.”

“இதை… நீயா போட்டே?”

“காலையில நீங்க சொல்லிக் குடுத்ததுதானே? குரூப்புல அனுப்பின சண்டைப் படத்துல நல்லாவே தெரிஞ்சுது. சும்மா பாத்துக்கிட்டு இருக்க முடியலைங்க.”

முதலில் எல்லாரும் இடியைக் கேலி செய்திருந்தார்கள். தீர்ப்பு வந்த பிறகு ஒரே பாராட்டு மழை. “சொந்தக் கட்சின்னுகூடப் பாக்காம நியாயம் பேசினாரு எங்க அண்ணன்!” பல்செட்டே எழுதியிருந்தான். “இடி, இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான்யா நீ சண்டை தெரிஞ்ச ஆளு மாதிரி பேசியிருக்கே!”

அவர் அதை இரண்டு தடவை படித்தார். அந்த நேரம் பார்த்து இன்னொரு செய்தி வந்து விழுந்தது. “இடி அண்ணே, அடுத்த மாசம் பட்டம் யாருக்கு? நீங்க சொல்றதுதான் தீர்ப்பு. எல்லாரும் காத்துக்கிட்டிருக்கோம்!”

கண்ணாடிக்காரர் போனைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்தார். மனைவியைப் பார்த்தார்.

“ஏம்மா… அடுத்த மாசம் யாரு ஜெயிப்பா?”

“முதல்ல அந்தக் குத்து மூட்டையைக் கழட்டுங்க, சொல்றேன்.”